பிளாகாவா, பெஸ்தேவா? ஸ்பானிஷ் பூச்சிச் சொற்களை ஆங்கிலத்தில் தருவது எப்படி?

வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக மொழிபெயர்ப்பு வேலை செய்யும் வாசகர்கள் நம்மிடையே உண்டு. ஸ்பானிஷ் மொழியை மொபைல் அப்ளிகேஷன் மூலமாகவோ, மாலை நேர வகுப்பிலோ கற்றுக் கொண்டு, ஸ்பானிஷ் பைல்களை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்கிறார்கள். இவர்களுக்கு வருவது கதையும் கவிதையும் அல்ல. பூச்சி மருந்து டப்பாவின் லேபிள், பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்தின் விலைப் பட்டியல், ஓட்டல் அறையில் மூட்டைப் பூச்சி கடித்ததாக ஒரு புகார்க் கடிதம், மாட்டுத் தொழுவம் பற்றிய கால்நடைத் துறை அறிக்கை என்று இப்படித்தான் வரும். பார்க்க எளிதாக இருக்கும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் காப்பி செய்து ஒட்டினால் நொடியில் ஆங்கிலம் வந்துவிடும். வந்த ஆங்கிலம் சரியா என்பதுதான் கேள்வி. கதையில் ஒரு சொல் பிசகினால் படிப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மருந்து லேபிளில் பிசகினால் அதைப் படித்து யாரோ ஒருவர் மருந்து கலப்பார்.

1997 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா சர்ச் இன்ஜின் பேபல் பிஷ் என்ற மொழிபெயர்ப்பு வசதியைத் தந்தபோது, அது தரும் வேடிக்கையான வாக்கியங்களைப் படித்துச் சிரித்தவர்கள் நிறைய. 2016 நவம்பரில் கூகுள் தன் டிரான்ஸ்லேட் வசதியை நியூரல் நெட்வொர்க் முறைக்கு மாற்றியது. முதலில் மாற்றப்பட்ட சில மொழிகளில் ஸ்பானிஷும் ஒன்று. அதன்பின் முழு வாக்கியமாகக் கொடுத்தால் பெரும்பாலும் நல்ல ஆங்கிலம் கிடைக்கிறது. ஆனால் பூச்சிப் பெயர்கள் முழு வாக்கியமாக வருவதில்லையே! எக்செல் கட்டத்தில் ஒரே ஒரு சொல்லாக, லேபிளில் தலைப்பாக, பட்டியலில் ஒரு வரியாக வருகின்றன. முன்னும் பின்னும் எதுவும் இல்லாத இடத்தில், எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று மெஷினுக்குத் தெரியாது. அங்கே நாம்தான் கை கொடுக்க வேண்டும்.

இடம் மாறிய இரண்டு சொற்கள்

முதலில் கற்றுக் கொள்ள வேண்டிய சொல் 'பிளாகா'. பி, எல், ஏ, ஜி, ஏ என்று எழுத வேண்டும். பார்த்ததும் ஆங்கிலத்தின் 'பிளேக்' நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே லத்தீன் சொல்லில் இருந்து வந்தவைதான். அடி, காயம் என்பது அதன் பழைய பொருள். ஆனால் இன்றைய ஸ்பானிஷில் 'பிளாகா' என்றால் பெரும்பாலும் பயிரையோ வீட்டையோ கெடுக்கும் பூச்சி, எலி, களை போன்றவை. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் 'பெஸ்ட்'. (தமிழில் எழுதும்போது 'சிறந்த' என்ற பெஸ்ட் போலவே தெரிகிறது, என்ன செய்வது! பெஸ்ட் கன்ட்ரோலில் வரும் பெஸ்ட் இது.) ஸ்பானிஷில் 'கொன்த்ரோல் தே பிளாகாஸ்' என்றால் அந்த பெஸ்ட் கன்ட்ரோல்தான். பூச்சிக்கொல்லிக்கு 'பிளாகிசீதா' என்று பெயர். ஆங்கிலத்தில் 'பெஸ்டிசைட்'.

அடுத்த சொல் 'பெஸ்தே'. இது ஆங்கிலத்தின் 'பெஸ்ட்' போல ஒலிக்கிறது. ஆனால் இதன் பொருள் கொள்ளை நோய், அதாவது ஆங்கிலத்தின் பிளேக். 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய நோய்க்கு ஸ்பானிஷில் 'பெஸ்தே நேக்ரா', ஆங்கிலத்தில் 'பிளாக் டெத்'. ஆல்பெர் கமு 1947-ல் எழுதிய பிரெஞ்சு நாவல் ஸ்பானிஷில் 'லா பெஸ்தே' என்றும் ஆங்கிலத்தில் 'தி பிளேக்' என்றும் வந்துள்ளது. ஆக, இரண்டு மொழிகளும் இரண்டு சொற்களையும் கைமாற்றிக் கொண்டது போல் இருக்கிறது. காதால் கேட்டு மொழிபெயர்த்தால் இரண்டு முறையும் தவறாகத்தான் போகும்.

இதிலும் விதிவிலக்குகள் உண்டு. பைபிளில் எகிப்து நாட்டுக்கு வந்த பத்து வாதைகள் ஸ்பானிஷில் 'பிளாகாஸ்'. ஆங்கிலத்தில் அவை 'பிளேக்ஸ்' என்றே வரும், பெஸ்ட் அல்ல. வெட்டுக்கிளிகள் கூட்டமாக வந்து பயிரை அழித்தால் ஆங்கிலத்திலும் அதைப் பிளேக் என்பார்கள். ஒரு வீட்டுக்குள் கரப்பான் பெருகிவிட்டது என்றால் அதே 'பிளாகா' ஆங்கிலத்தில் 'இன்பெஸ்டேஷன்' ஆகிவிடும். பன்றிகளுக்கு வரும் ஆப்பிரிக்க நோயை ஸ்பானிஷில் 'பெஸ்தே போர்சினா ஆப்ரிகானா' என்கிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் பெஸ்ட்டும் இல்லை, பிளேக்கும் இல்லை. 'ஆப்பிரிக்கன் ஸ்வைன் பீவர்' என்பதே பெயர். பேச்சு வழக்கில் 'பெஸ்தே' என்றால் துர்நாற்றம். ஓட்டல் புகாரில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு 'அறையில் பிளேக் இருந்தது' என்று எழுதிக் கொடுத்தால் ஓட்டல்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் கேம் விளையாடுபவர்களுக்கு 'பிளாகா' புதிய சொல் அல்ல. 2005-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 விளையாட்டில் கிராமத்து மனிதர்களின் உடலுக்குள் புகுந்து ஆட்டிவைக்கும் ஒட்டுண்ணிகளின் பெயர் 'லாஸ் பிளாகாஸ்'. இன்னொன்று, 'பிளாகியோ' என்ற சொல்லைப் பார்த்துப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். அது அடுத்தவர் எழுத்தைத் திருடுவது. மெக்சிகோ போன்ற நாடுகளின் செய்திகளில் அது ஆள் கடத்தலையும் குறிக்கும்.

'இன்பெக்தாதோ', 'இன்பெஸ்தாதோ' என்ற ஜோடியை நம் வாசகர்கள் எளிதாகப் பிடித்துக் கொள்ளலாம். வைரஸ் புகுந்த பைல் முதல் வகை. எலி புகுந்த குடோன் இரண்டாவது வகை. ஆங்கிலத்திலும் அதே வேறுபாடுதான்.

வீட்டுப் பூச்சிகள்

'பிச்சோ' என்பது எந்தப் பூச்சியையும் குறிக்கும் பொதுச் சொல். ஆங்கிலத்தில் 'பக்' என்று போடலாம். ஒரு எச்சரிக்கை: போர்ட்டோ ரிக்கோவில் இது ஆண் உறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். பைல் எந்த நாட்டில் இருந்து வந்தது என்று முதலில் கேட்டு வைத்துக் கொள்வது நல்லது. ஸ்பானிஷ் இருபது நாடுகளுக்கு ஆட்சி மொழி. பூச்சிப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். கொசுவுக்கு ஸ்பெயினில் 'மொஸ்கீத்தோ'. 'சின்ன ஈ' என்பதே அதன் பொருள். அது அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. ஆனால் லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் கொசுவை 'சங்கூதோ' என்கிறார்கள். நீண்ட கால் உடையது என்று பொருள்.

'சின்ச்சே' என்றால் மூட்டைப் பூச்சி. அதே சொல் செடியில் இருக்கும் நாற்றப் பூச்சிக்கும் வரும், பல நாடுகளில் நோட்டீஸ் போர்டில் குத்தும் பின்னுக்கும் வரும். ஸ்டேஷனரி கடை பில்லில் 'ஒரு பெட்டி சின்ச்சே' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 'புல்கா' தெள்ளுப் பூச்சி. 'புல்கோன்' என்றால் பெரிய தெள்ளு என்று நினைக்கத் தோன்றும். அது அசுவினி, ஆங்கிலத்தில் 'ஏபிட்'. ஒருவருக்குக் 'கெட்ட தெள்ளுகள் இருக்கின்றன' என்று ஸ்பானிஷில் எழுதியிருந்தால் அவர் சிடுமூஞ்சி என்று அர்த்தம். பெஸ்ட் கன்ட்ரோலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

'பொலிய்யா' என்பது துணியைத் தின்னும் அந்துப்பூச்சி. ஆங்கிலத்தில் 'மாத்'. (1947-ல் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டரின் ரிலேயில் சிக்கி, குறிப்பேட்டில் ஒட்டி வைக்கப்பட்டுள்ள பிரபலமான பூச்சியும் இந்த இனம்தான்.) ஆனால் கரீபியன் பகுதியில் மரத்தை அரிக்கும் கரையானையும் 'பொலிய்யா' என்பார்கள். அலமாரியில் சட்டை ஓட்டையானதா, அலமாரியே ஓட்டையானதா என்று படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'லங்கோஸ்தா' இன்னும் வேடிக்கை. இதற்கு வெட்டுக்கிளி என்றும் பொருள், கடலில் பிடிக்கும் சிங்கி இறால் என்றும் பொருள். ஆங்கிலத்தின் 'லோகஸ்ட்', 'லாப்ஸ்டர்' இரண்டுமே அதே லத்தீன் சொல்லில் இருந்து வந்தவை என்று அகராதிகள் சொல்கின்றன. வெட்டுக்கிளிக் கூட்டத்தை அர்ஜென்டினாவில் 'மாங்கா' என்கிறார்கள். சட்டைக் கைக்கும் அதே 'மாங்கா'தான். 2020-ல் பராகுவேயில் இருந்து வெட்டுக்கிளிப் படை ஒன்று அர்ஜென்டினாவுக்குள் புகுந்தபோது அந்நாட்டுச் செய்திகளில் 'மாங்கா தே லங்கோஸ்தாஸ்' என்ற தொடர் தினமும் வந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'சிங்கி இறால்களின் சட்டைக் கை' என்று வரும். சரியான ஆங்கிலம் 'லோகஸ்ட் ஸ்வார்ம்'.

புழு என்றால் எந்தப் புழு?

கம்ப்யூட்டரில் பரவும் 'வோர்ம்' வைரஸ்களுக்கு ஸ்பானிஷில் 'குசானோ' என்று பெயர். புழு என்ற பொருளில் இது சரி. ஆனால் வயலில் 'குசானோ' என்பது மண்புழுவாக இருக்கலாம், வண்ணத்துப் பூச்சியின் கம்பளிப்புழுவாக இருக்கலாம், ஈயின் புழுவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். இங்குதான் மெஷின் அதிகம் தடுமாறுகிறது.

ஓர் உதாரணம், 'குசானோ கொகொயேரோ'. 'கொகோயோ' என்றால் செடியின் குருத்து. குருத்துப்புழு என்று புரிந்து கொண்டு ஆங்கிலத்தில் 'பட்வோர்ம்' என்று போட்டால் அது வேறு பூச்சியின் பெயராகிவிடும். இதன் சரியான ஆங்கிலப் பெயர் 'பால் ஆர்மிவோர்ம்'. நம் ஊர் மக்காச்சோள விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த படைப்புழு இதுதான். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2018-ல் முதலில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இதோடு பல தலைமுறைகளாகப் போராடிய அனுபவம் இருக்கிறது. அதில் நிறைய ஸ்பானிஷில் எழுதி வைக்கப்பட்டுள்ளது. அதைத் தேடிப் படிக்க விரும்புபவர் சரியான சொல்லைப் பிடித்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

இன்னொரு உதாரணம், 'குசானோ பர்ரெனதோர்'. 'பர்ரெனார்' என்றால் துளையிடுவது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் துளைக்கும் புழு. கரும்பிலும் சோளத்திலும் தண்டைத் துளைக்கும் புழுக்களுக்கு இந்தச் சொல் வரும், ஆங்கிலத்தில் 'போரர்'. ஆனால் பின்னால் 'தெல் கனாதோ' என்று சேர்ந்திருந்தால் அது கால்நடைகளுக்கு வருவது. ஓர் ஈ, உயிருள்ள மாட்டின் காயத்தில் முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் சதையைத் தின்று கொண்டே உள்ளே போகும். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'நியூ வேர்ல்டு ஸ்க்ரூவோர்ம்'. மலட்டு ஈக்களை விமானத்தில் கொண்டு போய் விட்டு அமெரிக்காவில் இதை ஒழித்தார்கள். 2024 நவம்பரில் இது மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் மீண்டும் கண்டறியப்பட்டதும், அங்கிருந்து மாடுகள் வருவதை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. இந்தச் செய்தியை மொழிபெயர்ப்பவர் 'கேட்டில் போரர்' என்று எழுதினால் ஆங்கிலம் படிக்கும் கால்நடை மருத்துவருக்கு எதுவுமே புரியாது.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வழி மிக எளிது. ஸ்பானிஷ் கட்டுரையில் பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். அதுதான் லத்தீன் அறிவியல் பெயர். அது எந்த நாட்டிலும் மாறாது. படைப்புழுவுக்கு 'ஸ்போடாப்டெரா ப்ருஜிபெர்டா' என்று இருக்கும். அதை மவுஸால் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் சி கொடுத்துக் காப்பி செய்து, ஆங்கிலச் சொல்லான 'காமன் நேம்' என்பதைச் சேர்த்து சர்ச் செய்யுங்கள். ஸ்பானிஷ் பெயரை நீங்கள் மொழிபெயர்க்கவே வேண்டாம். பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டால் ஆங்கிலப் பெயர் தானாக வந்துவிடும்.

அறிவியல் பெயர் தரப்படவில்லை என்றால் விக்கிபீடியாவின் ஸ்பானிஷ் பதிப்புக்குப் போய் ஸ்பானிஷ் பெயரைக் கொடுங்கள். கட்டுரை கிடைத்தால் படத்தைப் பாருங்கள், அறிவியல் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள். பின் மொழிகள் பட்டியலைத் திறந்து ஆங்கிலத்தைக் கிளிக் செய்யுங்கள். அதே பூச்சியின் ஆங்கிலப் பக்கம் திறக்கும். பயிர்ப் பூச்சிகள் என்றால் ஈபிபிஓ குளோபல் டேட்டாபேஸ் என்ற இலவச தளம் இன்னும் நம்பகமானது. 1951-ல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய, மத்தியதரைக் கடல் நாடுகளின் தாவரப் பாதுகாப்பு அமைப்பு இதை நடத்துகிறது. ஒரு பெயரைக் கொடுத்தால் அறிவியல் பெயர், பல மொழிகளில் வழங்கும் பெயர்கள், அந்தப் பூச்சிக்கான குறியீடு ஆகியவை ஒரே பக்கத்தில் கிடைக்கும். விவசாயச் சொற்களுக்கு ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் அக்ரோவாக் சொல் தொகுதியும் உண்டு.

இப்படித் தேடும்போது சில சமயம் நம் ஊர்ப் பெயரே எதிரே வந்து நிற்கும். 'கொச்சினிய்யா அரினோசா' என்பதில் 'அரினா' என்றால் மாவு. ஆங்கிலத்தில் 'மீலிபக்', அங்கும் மாவுதான். தமிழில் மாவுப்பூச்சி! மூன்று மொழிக்காரர்களும் ஒரே வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கொண்டு வரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதைக் கட்டுப்படுத்தின. ஆனால் 'கொச்சினிய்யா' என்று மட்டும் இருந்தால் ஜாக்கிரதை. செதில் பூச்சி, சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சி, தொட்டிக்கு அடியில் சுருண்டு கிடக்கும் மரப்பேன் ஆகிய எல்லாவற்றுக்கும் அதே பெயர்.

லேபிளில் கை வைக்கும் முன்

இதுவரை பார்த்தது பெயர்க் குழப்பம். உண்மையான ஆபத்து மருந்து லேபிளில்தான் இருக்கிறது.

'பூமிகார்' என்ற வினைச்சொல் ஆங்கிலத்தின் 'பியூமிகேட்' போலவே இருக்கிறது. ஆங்கிலத்தில் பியூமிகேஷன் என்றால் மூடிய இடத்தில் விஷ வாயுவைச் செலுத்திப் பூச்சிகளைக் கொல்வது. தானியக் கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு வைப்பது அந்த வகை. ஸ்பானிஷிலோ முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக் கொண்டு மருந்து தெளிப்பதும் 'பூமிகார்'தான். கொலம்பியாவில் 2015 வரை கோகா பயிர்கள் மீது விமானத்தில் கிளைபோசேட் களைக்கொல்லி தெளித்தார்கள். அதற்கும் அந்த ஊரில் 'பூமிகாசியோன்' என்றே பெயர். அது வாயு அல்ல, திரவம். எனவே வாயு என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பியூமிகேட், மற்ற இடங்களில் 'ஸ்பிரே' என்று எழுதுங்கள்.

'கால்தோ' என்றால் சமையலறையில் சூப். லேபிளில் அது தண்ணீரில் கலந்து தயாராக உள்ள மருந்துக் கரைசல். 'சூப்பைத் தயார் செய்யவும்' என்று வந்தால் சிரிக்கலாம். 'போம்பா' என்றால் பம்ப்; வெடிகுண்டுக்கும் அதே சொல். இவை இரண்டையும் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்க முடியாத தவறுதான் மோசமானது. 'பெரியோதோ தே கரென்சியா' என்ற தொடரில் 'கரென்சியா' என்றால் இல்லாமை. பற்றாக்குறைக் காலம் என்ற பொருளில் ஏதாவது ஆங்கிலம் வந்து விழும், படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். உண்மையில் இது கடைசியாக மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையில் விட வேண்டிய நாட்கள். ஆங்கிலத்தில் 'பிரீ ஹார்வெஸ்ட் இன்டர்வெல்'. ஸ்பெயின் நாட்டு லேபிள்களில் இதையே 'பிளாசோ தே செகுரிதாத்' என்பார்கள். இந்த ஒரு வரி சரியாகப் போய்ச் சேராவிட்டால், மருந்து காயாத தக்காளி சந்தைக்குப் போகும்.

'இன்தொக்சிகாசியோன்' என்ற சொல்லை சிவப்பு மையில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'இன்டாக்சிகேஷன்' என்றால் குடிபோதை. ஸ்பானிஷில் இதன் பொருள் விஷம் உடலில் ஏறுவது, ஆங்கிலத்தில் 'பாய்சனிங்'. 1980-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்தார். சாப்பிட்டது ஒத்துக் கொள்ளவில்லை என்று நினைத்த குடும்பத்தார் 'இன்தொக்சிகாதோ' என்று சொன்னார்கள். மருத்துவமனையில் போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக் கொண்டவர் என்று புரிந்து கொண்டு சிகிச்சை செய்தார்கள். அவருக்கு இருந்ததோ மூளையில் ரத்தக் கசிவு. கை கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. வழக்கு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் அளவில் சமரசம் ஆனது. ஒரே ஒரு சொல்! பூச்சி மருந்து லேபிளில் முதலுதவிப் பகுதியே இந்தச் சொல்லில்தான் தொடங்கும்.

ஆபத்தைக் காட்டும் தலைப்புச் சொற்களும் அப்படியே. உலக அளவில் ஒத்துக் கொண்ட ரசாயன லேபிள் முறையில் ஆங்கிலத்தில் 'டேஞ்சர்', 'வார்னிங்' என்று இரண்டு சொற்கள்தான் உண்டு. ஸ்பானிஷில் அவற்றின் இடத்தில் 'பெலீக்ரோ', 'அதென்சியோன்' என்று வரும். இரண்டாவதை 'அட்டென்ஷன்' என்று எழுதக் கூடாது, 'வார்னிங்' என்றே எழுத வேண்டும். அமெரிக்கப் பூச்சி மருந்து லேபிள்களில் வார்னிங் என்பதற்கு ஸ்பானிஷில் 'அவீசோ' என்று போடுகிறார்கள். அகராதியைப் பார்த்தால் அறிவிப்பு என்று இருக்கும். அகராதியை விட்டுவிட்டு, அந்த நாட்டின் விதி எந்தச் சொல்லைச் சொல்கிறதோ அதைப் போடுவதுதான் முறை.

கமா வைத்த இடம்

சொல்லை விட எண்ணில் கவனம் தேவை. ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகளிலும் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பது வழக்கம். மெக்சிகோவில் நம்மைப் போலவே புள்ளிதான் தசமம். லேபிளில் 1,500 லிட்டர் என்று இருந்தால் அது ஒன்றரை லிட்டராக இருக்கலாம். 1.500 மில்லி என்று இருந்தால் ஆயிரத்து ஐநூறு மில்லியாக இருக்கலாம். நம் ஊர் செட்டிங் உள்ள எக்செல்லில் இவற்றை அப்படியே ஒட்டினால், முதலாவதை ஆயிரத்து ஐநூறு என்றும் இரண்டாவதை ஒன்றரை என்றும் எடுத்துக் கொள்ளும். எந்த எச்சரிக்கையும் தராது. ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

இதைத் தவிர்க்க எக்செல்லில் பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு பகுதிக்குச் செல்லுங்கள். 'யூஸ் சிஸ்டம் செபரேட்டர்ஸ்' என்ற கட்டத்தில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு, தசமத்துக்குக் கமாவும் ஆயிரத்துக்குப் புள்ளியும் கொடுங்கள். அதன்பின் ஸ்பானிஷ் பட்டியலை ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் டிக் அடையாளத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக் கணக்கு பைலில் குழப்பம் வரும்.

கீ போர்டும் மெஷினும்

ஸ்பானிஷில் 'என்' எழுத்தின் மேல் ஓர் அலைக்கோடு வரும். அதைச் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. 'தீன்யா' என்றால் படர்தாமரை. அலைக்கோடு இல்லாமல் டைப் செய்தால் 'தீனா', அதாவது குளியல் தொட்டி. 'கான்யா' என்றால் கரும்பு, கோடு இல்லாவிட்டால் 'கானா', நரை முடி. கரும்புத் தண்டுத் துளைப்பான் நரை முடித் துளைப்பானாக மாறிவிடும்! நம் லாக்கை ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்தியபடி, வலது பக்க எண் கீகளில் 164 அடித்தால் அந்த எழுத்து கிடைக்கும். பெரிய எழுத்துக்கு 165. சாய்வுக் கோடு வைத்த ஏ எழுத்துக்கு 160, இ-க்கு 130, ஐ-க்கு 161, ஓ-வுக்கு 162, யு-வுக்கு 163. எண் கீகள் இல்லாத லேப்டாப்பில், விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' கீ போர்டைச் சேர்த்துக் கொள்ளுங்கள். மொபைலில் 'என்' எழுத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் போதும்.

டிரான்ஸ்லேட் தளத்தில் தனிச் சொல்லைக் கொடுக்காமல், அந்தச் சொல் வரும் பத்தி முழுவதையும் கொடுங்கள். பட்டியலாக இருந்தால், ஒவ்வொரு சொல்லையும் தக்காளிச் செடி, சமையலறை, மாட்டுத் தொழுவம் என்று இடம் தெரியும் ஒரு சின்ன ஸ்பானிஷ் வாக்கியத்தில் வைத்துக் கொடுத்தால் விடை மாறுவதைப் பார்க்கலாம். சாட்ஜிபிடி போன்ற வசதிகளைப் பயன்படுத்துபவர்கள் நாட்டையும் பயிரையும் சொல்லி, அறிவியல் பெயரையும் கேளுங்கள். அது தரும் அறிவியல் பெயரை ஈபிபிஓ தளத்தில் போட்டுப் பார்க்காமல் ஏற்றுக் கொள்ள வேண்டாம்.

கிடைத்த ஆங்கிலத்தை மீண்டும் ஸ்பானிஷுக்கு மாற்றிப் பார்த்து, ஒத்துப் போனால் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் அது உதவாது. 'பிளாகா' என்பதைப் பிளேக் என்று தவறாக மாற்றிவிட்டு, பிளேக் என்பதைத் திருப்பிக் கொடுத்தாலும் 'பிளாகா' என்றே வரக்கூடும். லேபிள், முதலுதவி, அளவு ஆகிய மூன்றும் உள்ள பைல் வந்தால், ஸ்பானிஷ் எண்ணையும் அலகையும் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே தனிக் காலத்தில் அப்படியே வைத்து அனுப்புங்கள். சந்தேகம் உள்ள சொல்லை மஞ்சள் நிறத்தில் ஹைலைட் செய்து, வேலை கொடுத்தவரிடம் டப்பாவின் போட்டோவைக் கேளுங்கள்.